அச்சக மடிக்கணினியை அழித்து விண்டோஸ் போட்டது: ஒரு நிகழ்வு ஆய்வு

2021-இல் வாங்கிய மடிக்கணினி. 11-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. விண்டோஸ் 10 ஹோம் பதிப்போடு வந்தது. பிறகு அதன் மேலேயே விண்டோஸ் 11 ஏற்றப்பட்டிருந்தது. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று ஓயாமல் வேலை நடக்கும் ஒரு சிறிய அச்சகத்தின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒன்றில்தான் நடந்தது. பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப், வேர்டு எல்லாம் இதில். ஜிஎஸ்டி கணக்கும் இதில். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்கள் செருகப்படுவதும் இதில்.

உரிமையாளர் சொன்ன புகார் வழக்கமானதுதான். கணினி மெதுவாகிவிட்டது, ஃபார்மட் அடித்துக் கொடுங்கள் என்றார். ஃபார்மட் கேட்டு வரும் கணினிகளில் பலவற்றுக்கு அது தேவைப்படுவதில்லை. நிரம்பி வழியும் டிரைவைக் காலிசெய்தால், கணினியோடு சேர்ந்தே விழித்துக்கொள்ளும் வேண்டாத மென்பொருள்களை நிறுத்தினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். அதோடு, எஸ்எஸ்டியே சாகக் கிடக்கும்போது அதன் மீது புதிய விண்டோஸ் போடுவது வீண் வேலை. ஆகவே அழிப்பதற்கு ஒப்புக்கொள்ளும் முன் சோதனை.

சோதனையில் கிடைத்தவை

எஸ்எஸ்டியின் உடல்நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தேன்; குறை இல்லை. விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையிலும் ராம் தேறியது. ஆனால் சி டிரைவ் வெறும் 150 ஜிபி. மிச்சமிருந்த இடம் 9 ஜிபி. விற்பனை செய்த கடையிலேயே எஸ்எஸ்டியைச் சி, டி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். டி பக்கம் தாராளமாக இடம் கிடந்தது. மெதுவானதற்கு இது ஒரு காரணம். ஆனால் இதற்காக யாரும் அழித்துப் போட வேண்டியதில்லை.

அழிக்க வைத்தது வேறொன்று. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் உடனடிப் பாதுகாப்பு அணைந்திருந்தது. அதை இயக்கப் போனால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது. இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று மேலே ஓர் அறிவிப்பு. ஒரு முதலாளி, ஓர் ஆபரேட்டர் மட்டுமே உள்ள அச்சகத்தில் அப்படி நிர்வகிக்க எந்த நிறுவனம் இருக்கிறது? விலக்குப் பட்டியலைத் திறந்தால் சி டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது. அதாவது சி டிரைவில் எது இருந்தாலும் சோதிக்காதே என்று யாரோ, அல்லது எதுவோ, டிஃபெண்டருக்கு உத்தரவு போட்டிருந்தது.

அடுத்து உரிமத்தைப் பார்த்தேன். ஹோம் பதிப்பாக வாங்கிய கணினி, புரோ பதிப்பு என்று காட்டியது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு மொத்தமாக உரிமம் கொடுக்கும் கேஎம்எஸ் முறையில் அது செயல்படுத்தப்பட்டிருந்தது. அந்த முறையில் உரிமம் 180 நாளுக்குத்தான் செல்லும். அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்கும் வேலையை, திட்டமிட்ட பணிகளின் பட்டியலில் ஒளிந்திருந்த ஒரு சிறு நிரல் செய்துகொண்டிருந்தது. கதை விளங்கிவிட்டது. எப்போதோ ஆபீஸ் மென்பொருளை இலவசமாகப் போட்டுக் கொடுத்த யாரோ ஒருவர், உரிமத்தை ஏமாற்றும் ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கிறார். இத்தகைய ஆக்டிவேட்டர்கள் முதலில் கேட்பது பாதுகாப்பை அணையுங்கள் என்பதைத்தான். பிறகு அதே கதவு வழியே வேறு எது வந்ததோ. கணினி சும்மா இருக்கும்போதும் செயலியைத் தின்றுகொண்டிருந்த, பெயர் தெரியாத ஒரு நிரல் அந்த ‘வேறு எது’வில் ஒன்று.

இந்த நிலையில் பழுது பார்ப்பதில் பொருள் இல்லை. விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளைகள் விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டுமே திருத்தும். வந்து குடியேறியதை வெளியேற்றா. நிர்வாகி அதிகாரத்தோடு நுழைந்த ஒன்று எங்கெங்கே வேர் விட்டிருக்கிறது என்று தேடித் தேடிப் பிடுங்கினாலும், கடைசி வேரைப் பிடுங்கிவிட்டோம் என்று யாராலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது.

விண்டோஸிலேயே உள்ள ரீசெட் வசதி போதாதா என்று உரிமையாளர் கேட்டார். கோப்புகளை வைத்துக்கொண்டு ரீசெட் செய்தால் சந்தேகத்துக்குரிய பயனர் கோப்புறைகள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தாலும், உள்ளூர்க் கோப்புகளிலிருந்து மீட்கும் வழி, இப்போது நம்ப முடியாத அதே விண்டோஸிலிருந்துதான் புதியதைக் கட்டுகிறது. இணையத்திலிருந்து புதிதாக இறக்கும் வழி இதைவிட மேல். ஆனால் அந்த வேலையையும் தொடங்கி வைப்பது கெட்டுப்போன விண்டோஸ்தான். வெளியிலிருந்து, சுத்தமான இன்னொரு கணினியில் தயாரித்த பென் டிரைவிலிருந்து போடுவதே சரி என்று முடிவாயிற்று.

பழைய விண்டோஸ் 10-க்கே திரும்பலாமா என்ற கேள்வியும் வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கண்ட கண்ட பென் டிரைவ்களைச் செருகும் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஓ.எஸ். வேண்டாம் என்றேன்.

டி டிரைவ் என்னும் நம்பிக்கை

அழிப்பது என்று முடிவானதும் ஆபரேட்டர் கேட்ட முதல் கேள்வி: “டி டிரைவில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாதே, சார்?”

நம் ஊரில் கணினி வைத்திருக்கும் பாதிப்பேர் இந்த நம்பிக்கையில்தான் வாழ்கிறார்கள். சி-யில் விண்டோஸ், டி-யில் நம் சரக்கு. ஃபார்மட் அடித்தால் சி மட்டும்தான் போகும். ஹார்டு டிஸ்க் காலத்தில் இது ஓரளவு வேலை செய்தது, அதனால் வேர்விட்டுவிட்டது. ஆனால் இரண்டும் ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள். பீரோ தீப்பிடித்தால் எந்தத் தட்டில் வைத்தோம் என்பது பயன்படாது. எஸ்எஸ்டி செத்தால் சி-யும் டி-யும் ஒன்றாகவே போகும்; பழைய ஹார்டு டிஸ்க்குகளைப் போல ‘கடகட’ என்று முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கமும் பெரும்பாலும் அதற்கு இல்லை.

இந்தக் கணினியில் அதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருந்தது. கோப்பு உலாவியில் இரண்டு டிரைவ்களின் படத்திலும் சிறிய பூட்டு தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல் முறை நுழையும்போது பல மடிக்கணினிகளில் சாதனக் குறியாக்கம் (சாவி இல்லாமல் டிரைவைப் படிக்க முடியாதபடி செய்யும் வசதி) தானாக இயங்கிவிடுகிறது. அது சி-யை மட்டுமின்றி உள்ளே பொருத்தப்பட்ட மற்ற டிரைவ்களையும் பிட்லாக்கர் முறையில் பூட்டுகிறது. டி-யைத் தானாகத் திறப்பதற்கான சாவி சி-யில் உள்ள விண்டோஸிடம் இருக்கும். சி-யை அழித்துப் புதிய விண்டோஸ் போட்டால் டி அழியாது, ஆனால் திறக்காது. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். சி-க்கு ஒரு சாவி, டி-க்கு வேறொரு சாவி. பத்திரம் என்று நம்பி ஒதுக்கி வைத்த டிரைவ்தான் கைக்கு எட்டாமல் போயிருக்கும்.

அந்தச் சாவிகள் எங்கே? வழக்கமாக, கணினியில் நுழைந்திருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி வாங்கிய அன்று அந்தக் கணக்கைக் கடை ஊழியர் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கித் திறந்து கொடுத்திருந்தார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. இத்தனை காலமும் நான்கு இலக்கப் பின் எண்ணை மட்டும் தட்டி நுழைந்துகொண்டிருந்தார்கள். நல்ல வேளையாக, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைத் திரையைத் திறந்து, ‘மேனேஜ்-பிடிஇ’ என்ற கருவியிடம் ஒவ்வொரு டிரைவின் சாவியையும் காட்டச் சொல்லலாம். இரண்டையும் காகிதத்தில் எழுதி, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தோம். இது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளில்) கை வைப்பதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை. பயாஸில் பாதுகாப்பு பூட், சேமிப்பகக் கட்டுப்பாடு போன்ற அமைப்புகளை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸே இந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

நகல் எடுத்தது

கெட்ட விண்டோஸை ஓடவிட்டுக்கொண்டே அதில் நல்ல ஹார்டு டிஸ்க்கைச் செருக எனக்கு மனம் இல்லை. உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டி, அதன் வழியே நகல் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். விண்டோஸுக்காக எழுதப்பட்ட தீநிரல் அங்கே உறங்கிக் கிடக்கும். உபுண்டு, பூட்டிய டிரைவைச் சொடுக்கியதும் சாவி கேட்டது. 48 இலக்கங்களைத் தட்டியதும் திறந்துவிட்டது.

ஆனால் அதற்கு முன் விண்டோஸிலேயே செய்துகொள்ள வேண்டிய ஒன்று இருந்தது. டெஸ்க்டாப் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்த கோப்புறை உண்மையில் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்குள் இருந்தது. இலவசக் கணக்கின் 5 ஜிபி எப்போதோ நிரம்பி, ஒத்திசைவு நின்றுபோயிருந்தது. விளைவு, சில கோப்புகள் மேகத்தில் மட்டும், சில கணினியில் மட்டும். மேக அடையாளம் போட்ட கோப்புகளுக்குக் கணினியில் பெயர்தான் இருக்கும், சரக்கு இருக்காது. லினக்ஸில் போய் அவற்றை நகலெடுத்தால் ஒன்றும் வராது. கணக்கின் கடவுச்சொல் இல்லாததால் வேறு கணினியில் போய் இறக்கவும் வழியில்லை. மேகத்தில் இருப்பது எப்படியும் 5 ஜிபிக்கு மேல் போகாது, சி-யில் 9 ஜிபி இருக்கிறது. எல்லாவற்றையும் இந்தக் கணினியிலேயே வைத்திரு என்று ஒன்டிரைவுக்குச் சொல்லி, இறங்கி முடியும்வரை காத்திருந்தோம்.

மென்பொருள் உரிமங்களும் அப்போதே. கோரல்டிராவின் உரிமத்தை விடுவித்து, அடோபி கணக்கிலிருந்து வெளியேறினோம். பேஜ்மேக்கர் 7.0-இன் குறுந்தகடு, வரிசை எண் ஒட்டிய உறையோடு மேஜை இழுப்பறையில் கிடைத்தது. 2001-இல் வந்த மென்பொருள். அதற்குப் பிறகு புதிய பதிப்பு கிடையாது. மடிக்கணினியில் குறுந்தகடு போட இடம் இல்லாததால், மூலையில் இருந்த விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில் போட்டுப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டேன்.

உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களை மட்டும் நகல் எடுக்கவில்லை. இப்படிப்பட்ட கணினியில் அவை ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம் என்றுதான் கொள்ள வேண்டும். மின்னஞ்சல், வங்கி, ஜிஎஸ்டி கணக்குகளின் கடவுச்சொற்களை உரிமையாளர் தம் கைப்பேசியிலிருந்து மாற்றினார். முணுமுணுத்துக்கொண்டேதான் மாற்றினார்.

எழுத்துருக்கள்

அச்சகக் கணினியை அழிக்கும்போது அழைப்பிதழ்க் கோப்புகளைவிட எழுத்துருக்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு, பேஜ்மேக்கருக்குத் தெரியாது. அதில் செய்த தமிழ் வேலை எல்லாம் பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் ஆங்கில எழுத்துகள் உட்காரும் இடங்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகத் தெரியும். கோப்பு முழுமையாக இருக்கும், படிக்க முடியாது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது என்னவோ உண்மை. அச்சகங்களின் பழைய கோப்புகளுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை.

எழுத்துருக்களை நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 2018-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து இது போதாது. எழுத்துருக் கோப்பை வலது சொடுக்கி ‘இன்ஸ்டால்’ என்று கொடுத்தால், அது அந்தப் பயனருக்கு மட்டும் என்று, பயனர் கோப்புறையின் ஆழத்தில் மறைந்திருக்கும் வேறொரு ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறைக்குப் போகிறது. எல்லாப் பயனர்களுக்கும் என்பதைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் பழைய இடத்துக்குப் போகும். கட்டுப்பாட்டுப் பலகத்தில் இரண்டும் கலந்தே தெரிவதால், இரண்டு இடங்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது.

நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இதையே சோதனையாக வைத்துக்கொண்டோம். நகலெடுத்த எழுத்துருக்களை விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில் நிறுவி, அண்மையில் செய்த ஓர் அழைப்பிதழை அங்கிருந்த பேஜ்மேக்கரில் திறந்தோம். இல்லாத எழுத்துருக்களுக்கு எதை மாற்றாக வைப்பது என்று கேட்கும் பானோஸ் பெட்டி ஒன்று பேஜ்மேக்கரில் வரும். அது வந்தது. அதில் வந்த பெயர்கள் அனைத்தும் அண்மை ஆண்டுகளில் ஆபரேட்டர் இணையத்திலிருந்து இறக்கிப் போட்ட அலங்கார எழுத்துருக்கள். அனைத்தும் அந்த மறைந்த கோப்புறையில் இருந்தன. அதையும் எடுத்துச் சேர்த்த பிறகு பெட்டி வரவில்லை. அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயரும் மணப்பெண்ணின் பெயரும் சுருள் சுருளாக, வேண்டிய வடிவில் வந்து நின்றன. அதற்குப் பிறகே அழிக்கலாம் என்று தலையசைத்தேன்.

எஸ்எஸ்டியைக் காணவில்லை

விண்டோஸ் 11 நிறுவும் பென் டிரைவை மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் கருவியால் என் கணினியில் தயாரித்தேன். 8 ஜிபி போதும். நகல் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்தாயிற்று. பார்ட்டிஷன்களை அழிக்கும் திரையில் அதன் பெயரும் சேர்ந்து நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை.

நிறுவல் தொடங்கி, எங்கே போடுவது என்று கேட்க வேண்டிய இடத்தில் பட்டியல் காலியாக இருந்தது. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, சேமிப்பக டிரைவரைக் கொடுங்கள் என்றது. டிரைவர் என்பது வன்பொருளோடு விண்டோஸைப் பேசவைக்கும் மென்பொருள். எஸ்எஸ்டி செத்துவிட்டதா என்று உரிமையாளரின் முகம் வெளுத்தது. செத்தால் சற்று முன் உபுண்டுவில் எப்படித் திறந்திருக்கும்?

இது 11-ஆம் தலைமுறை இன்டெல் கணினிகளில் அடிக்கடி வருவது. இவற்றில் எஸ்எஸ்டி நேராகச் செயலியிடம் பேசுவதில்லை. நடுவில் விஎம்டி என்ற கட்டுப்பாட்டு அடுக்கு நிற்கிறது. அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் இருக்கவில்லை. தீர்வு இரண்டு. பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாம். ஒரே ஓர் எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினிக்கு அந்த அடுக்கால் பெரிய பயன் இல்லை. அல்லது இன்டெலின் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இன்னொரு கோப்புறையில் கொண்டுவந்து காட்டலாம்.

அணைப்பதுதான் எளிது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. விஎம்டியை அணைத்து விண்டோஸ் போட்ட பிறகு, பயாஸ் புதுப்பிப்பினாலோ பேட்டரி முழுக்க இறங்கியதாலோ பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பினால் விஎம்டி மீண்டும் விழித்துக்கொள்ளும். அப்போது விண்டோஸ் எழுந்திருக்க மறுத்து நீலத் திரையில் நிற்கலாம். அன்று அங்கே காரணம் தெரிந்த ஆள் இருக்க மாட்டார். மீண்டும் ஃபார்மட் என்பார்கள். கணினி வெளிவந்தபோது இருந்த அமைப்பிலேயே விட்டு, டிரைவரைக் கொடுப்பது மேல்.

டிரைவரைக் கொடுப்பதில் ஒரு சிறு சிக்கல். இணையத்தில் கிடைப்பது ஒரே ஒரு நிறுவும் கோப்பு. நிறுவல் திரைக்கு அது பயன்படாது. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் வகைக் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். நிறுவும் கோப்பைக் கட்டளைத் திரையில், டிரைவர்களை மட்டும் பிரித்தெடு என்ற குறிப்போடு ஓட்டினால் அது தானே பிரித்துக் கொடுக்கிறது. அந்தக் கோப்புறையைக் காட்டியதும் எஸ்எஸ்டி பட்டியலில் வந்தது.

வந்த பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். டி-யையும், தயாரிப்பாளர் வைத்திருந்த மீட்புப் பார்ட்டிஷனையும். அதில் இருப்பது 2021-இன் விண்டோஸ் 10-உம், காலாவதியான சோதனை ஆன்டிவைரஸும். அதைக் காப்பாற்றி ஆவது ஒன்றுமில்லை. மொத்த இடத்தையும் ஒன்றாகக் கொடுத்தால், தொடக்கத்துக்கு வேண்டிய சிறிய பார்ட்டிஷன்களை விண்டோஸ் தானே பிரித்துக்கொள்கிறது. சி, டி என்று மீண்டும் பிரித்துக் கொடுங்கள் என்று ஆபரேட்டர் கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பதிலாக வாரந்தோறும் செருகவேண்டிய ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க்கை அவர் பொறுப்பில் கொடுத்தேன்.

எந்தப் பதிப்பு என்றோ உரிம எண் என்னவென்றோ நிறுவல் கேட்கவே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து தயாரிப்பாளர்கள் உரிம எண்ணைக் கணினியின் ஃபர்ம்வேரிலேயே எழுதிவிடுகிறார்கள்; நிறுவல் அதைப் படித்துக்கொண்டு ஹோம் பதிப்பைப் போட்டது. காசு கொடுத்து வாங்கிய முறையான உரிமம் தாய்ப்பலகையிலேயே கிடந்திருக்க, அதன் மேல் திருட்டு புரோவை ஏற்றி வைத்திருந்தார்கள். புரோவில் மட்டும் உள்ள எந்த வசதியையும் இந்த அச்சகம் தொட்டதுகூட இல்லை.

முதல் நுழைவு

கோப்புகள் ஏறி முடிந்து, வரவேற்புத் திரைகளில் இணைய இணைப்புக் கேட்டு நின்றது. வைஃபை பட்டியல் காலி. வைஃபை டிரைவர் இல்லை. ஹோம் பதிப்பு இணையம் இல்லாமல் மேலே நகராது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, டெதரிங்கை இயக்கியதும் இணையம் கிடைத்தது. அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது.

இம்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கு உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில், அவர் கைப்பேசி எண்ணோடு. 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் விண்டோஸ் 11 முன்னைவிட அதிகமான கணினிகளில் சாதனக் குறியாக்கத்தைத் தானாக இயக்குகிறது, இதிலும் இயங்கியது. அணைக்கவில்லை. புதிய மீட்புச் சாவியை அச்சிட்டு, கணினி வாங்கிய ரசீது இருக்கும் கோப்பில் செருகச் சொன்னேன். அச்சகத்தில் அச்சிடுவதற்கா பஞ்சம்.

மற்ற டிரைவர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் அப்டேட் கொண்டுவந்தது. ஒலி, தொடுபலகை போன்றவற்றை மட்டும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து போட்டேன். பழைய நிறுவலிலிருந்து டிரைவர்களை ஏற்றுமதி செய்து திரும்பப் போடும் வழி உண்டு, நேரமும் மிச்சமாகும். ஆனால் தொற்று உள்ள கணினியிலிருந்து டிரைவரைச் சுமந்து வருவது எனக்கு ஒப்பவில்லை.

நகலைத் திரும்பக் கொட்டும் முன் டிஃபெண்டரால் முழுவதும் துழாவினோம். வேலைக் கோப்புகள் மட்டுமே உள்ளே வந்தன. நிறுவும் கோப்புகள் எவையும் வரவில்லை. எழுத்துருக்களை எல்லாப் பயனர்களுக்கும் என்ற வகையில் போட்டதால் இனி அவை ஒரே இடத்தில் இருக்கும்.

திரும்பி வராதவை

வேர்டில் இருந்த கோயில் மலர் ஒன்றைத் திறந்ததும் ஆபரேட்டர் கூப்பிட்டார். தமிழ் தெரிகிறது, ஆனால் வரிகள் எல்லாம் நகர்ந்து பக்கங்கள் கூடியிருக்கின்றன. அந்தக் கோப்பு யூனிகோடில், லதா எழுத்துருவில் செய்தது. விண்டோஸோடு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்ததால் லதா எப்போதும் இருக்கும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் விருப்பத் தேர்வு வசதிகளின் பட்டியலுக்குப் போய்விட்டன. அவை இல்லாதபோது நிர்மலா அந்த இடத்தை நிரப்புகிறது. எழுத்து அகலம் வேறு என்பதால் வரி உடைகிறது. கூடுதல் எழுத்துருக்களில் தமிழுக்கானதைச் சேர்த்ததும் மலர் பழைய பக்க எண்ணிக்கைக்குத் திரும்பியது. யூனிகோடில் தட்டச்சு செய்ய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. ஆனால் ஆபரேட்டரின் விரல்கள் பழகியது தட்டச்சுப் பொறி முறை. அதற்கு என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன்.

ஆபீஸுக்குப் பழைய வழியில் ஏதாவது செய்ய முடியுமா என்று உரிமையாளர் மெல்லக் கேட்டார். முடியாது என்றேன். விலைப்பட்டியலுக்கும் பில்லுக்கும் லிப்ரே ஆபீஸ். வேர்டு கோப்புகளோடு வரும் வாடிக்கையாளர்களுக்காக ஒரே ஓர் உரிமம் வாங்கினார்.

வேகம்? கணினி எழுந்திருக்கும் நேரமும் பொதுவான நடமாட்டமும் நன்றாகவே சீர்ப்பட்டன. ஆனால் கோரல்டிராவில் பெரிய ஃபிளெக்ஸ் பேனரைத் திறந்து, பக்கத்தில் உலாவியையும் வைத்துக்கொண்டால் பழைய தள்ளாட்டம் இருந்தது. டாஸ்க் மேனேஜரில் ராம் நிரம்பி நின்றது. அந்தப் பகுதி மெத்தனத்துக்கும் ஃபார்மட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்னொரு 8 ஜிபி சேர்த்த பிறகுதான் அடங்கியது. வெறும் வேகத்துக்காக மட்டும் இந்தக் கணினி வந்திருந்தால், சி-யில் இடம் பண்ணி ராமைக் கூட்டியே அனுப்பியிருப்பேன்.

ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மட்டும் வேலை செய்யவில்லை. அதன் டிரைவரை இந்தச் சாதனத்தில் ஏற்ற முடியாது என்று விண்டோஸ் மறுத்தது. புதிதாகப் போடும் விண்டோஸ் 11-இல், தகுதியுள்ள கணினிகளில் நினைவக ஒருமைப்பாடு என்னும் பாதுகாப்பு தொடக்கத்திலேயே இயங்கிவிடுகிறது. அதற்கு ஒத்துவராத பழைய டிரைவர்களை அது உள்ளே விடுவதில்லை. விண்டோஸ் 10-இலிருந்து மேலேற்றிய பழைய நிறுவலில் அது அணைந்தே இருந்ததால் பிளாட்டர் அதுவரை ஓடியது. பிளாட்டர் தயாரிப்பாளரிடம் புதிய டிரைவர் இல்லை. அந்தப் பாதுகாப்பை அணைத்தால் நொடியில் ஓடும் என்பது உரிமையாளருக்கும் தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர் பென் டிரைவ் செருகும் கணினியில் அணைக்க வேண்டாம் என்பது என் கட்சி. இப்போதைக்குப் பிளாட்டர், இணைய இணைப்பே இல்லாத விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில் பொருத்தப்பட்டிருக்கிறது. வெட்ட வேண்டிய கோப்பு அதற்கென்று ஒதுக்கிய ஒரு பென் டிரைவில் போகிறது. திரும்பி வரும்போது டிஃபெண்டர் அதைத் துழாவுகிறது. இந்த நடை பிடிக்காமல் அவர் புதிய பிளாட்டருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.